வெற்றி வாகையின் மேல் விழும் நிழல்



புனித சின்னப்பர் ஓட்டப் பந்தயத்தை நன்கு அறிந்தவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமடலின் ஒன்பதாம் அதிகாரத்தில், பந்தயத் திடலில் பலர் ஓடினும் பரிசு பெறுபவர் ஒருவரே என்பதை நினைவூட்டி, வாடிப்போகும் முடிக்காக அவர்கள் படும் பாட்டைச் சுட்டிக்காட்டி, வாடாத முடியை நாடுமாறு நம்மை அழைக்கிறார். கொரிந்து நகரின் அருகே இஸ்த்மியா என்னும் இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடைபெற்று வந்தது. வென்றவருக்குக் கிடைத்தது தழைகளால் பின்னிய ஒரு முடியே. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமடலிலோ (2:5), விதிப்படி போட்டியிடாதவனுக்கு அம்முடியும் இல்லை என்று திருத்தூதர் கூறுகிறார். விதியை மீறி வெல்ல முயன்றோர் அக்காலத்திலும் இருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

பழைய ஒலிம்பியா நகரில், ஓட்டத் திடலின் நுழைவாயிலுக்குச் செல்லும் வழியில் வெண்கலச் சிலைகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றை எழுப்பிய பணம், ஏமாற்றிப் பிடிபட்ட போட்டியாளரிடமிருந்து தண்டமாகப் பெற்றது. கி.மு. 388இல் எதிராளிகளுக்குக் கைக்கூலி கொடுத்து வென்ற ஒரு குத்துச்சண்டை வீரனே அவ்வரிசைக்கு முதற்காரணம். திடலுக்குள் நுழையும் ஒவ்வொருவனும் அச்சிலைகளைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அவற்றின் பீடங்களை இன்றும் அங்கே காணலாம்.

அன்று கைக்கூலி, இன்று ஊசி. பிடிபட்டவரின் குற்றம் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பிடிபடாதவர் செய்தி என்ன? நெடுந்தூர ஓட்டத்தில் எவரேனும் வியக்கத்தக்க வேகத்தில் வென்றால், கைதட்டல் அடங்குமுன்னரே ஒரு முணுமுணுப்பு எழுகின்றது: "இவர் மருந்து உட்கொண்டிருப்பாரோ?" அவ்வாறு ஐயுறுவது அறிவுடைமையா, பாவமா? இவ்வினா விளையாட்டுத் திடலோடு முடிவதன்று. நம் தெருவிலும் திண்ணையிலும் நாள்தோறும் எழுவது. ஆகவே இம்மாதம் இதனை நிதானமாக ஆராய்வோம்.

சிக்காகோவில் எழுந்த வினா

2024 அக்டோபர் 13ஆம் நாள், அமெரிக்காவின் சிக்காகோ நகர மராத்தான் ஓட்டத்தில், கென்யா நாட்டுப் பெண்மணி ரூத் செப்ங்கெட்டிச் 42 கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்ட தொலைவை 2 மணி 9 நிமிடம் 56 விநாடிகளில் ஓடி முடித்தார். அதற்கு முன்னைய உலகச் சாதனை, எத்தியோப்பிய வீராங்கனை திகிஸ்த் அசெஃபா 2023இல் பெர்லின் நகரில் நிகழ்த்திய 2 மணி 11 நிமிடம் 53 விநாடி. ஒரே நாளில் ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் குறைந்துவிட்டன. 2 மணி 10 நிமிடத்திற்குள் எந்தப் பெண்ணும் அதுவரை ஓடியதில்லை.

ஓட்டம் முடிந்தபின் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், இவ்வேகம் நம்பத்தக்கதன்று என எண்ணுவோருக்கு உங்கள் மறுமொழி என்ன என்று ஒரு செய்தியாளர் அவரையே நேரில் கேட்டுவிட்டார். மக்கள் பேசத்தான் செய்வார்கள் என்னும் கருத்தில் அவர் சுருக்கமாக விடையளித்தார். கென்யாவில் பெருஞ்சினம் எழுந்தது. எவ்விதச் சான்றுமின்றி எங்கள் மகளை இழிவுபடுத்தலாமா என்று அந்நாட்டினர் கேட்டனர். கேட்டது கேட்க வேண்டிய கேள்வியே என்று வேறு பலர் வாதிட்டனர்.

மாதங்கள் சென்றன. 2025 மார்ச் 14ஆம் நாள் அவரிடம் எடுக்கப்பெற்ற சிறுநீரில் ஐட்ரோகுளோரோதயசைடு என்னும் மருந்து காணப்பட்டது. உடலிலுள்ள மிகை நீரை வெளியேற்றவும், இரத்தக் கொதிப்பைத் தணிக்கவும் மருத்துவர்கள் கொடுக்கும் எளிய மாத்திரைதான் அது. ஆயினும் சிறுநீரைப் பெருக்கிப் பிற மருந்துகளின் தடயத்தை மறைக்க உதவும் என்பதால், விளையாட்டு வீரருக்கு அது விலக்கப்பட்டுள்ளது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பது குற்றமாக அறிவிக்கப்படுவதற்கான எல்லை. அவரிடம் காணப்பட்டதோ 3,800. முதலில் காரணம் கூற இயலாதிருந்த அவர், உடல்நலமின்றி இருந்தபோது வீட்டுப் பணிப்பெண்ணின் மாத்திரையை வாங்கி விழுங்கியதாகப் பின்னர் விளக்கினார். 2025 அக்டோபரில் மூன்று ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் 2025 மார்ச் 14க்கு முன் அவர் பெற்ற வெற்றிகள் நீக்கப்படவில்லை. சிக்காகோவில் மருந்தின் துணையோடு ஓடினார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை, அச்சாதனை நின்றது.

"பார்த்தீர்களா, நாங்கள் அன்றே சொன்னோம்!" என்று ஐயுற்றோர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நேரியதுதானா என்பதற்குப் பின்னர் வருவோம்.

இரத்தத்தின் கணக்கு

நெடுந்தூரம் ஓடுபவனுக்கு வேண்டியது பிராணவாயு. அதனைத் தசைகளுக்குச் சுமந்து செல்பவை இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள். அவை மிகுந்தால் களைப்புத் தாமதமாக வரும். நம் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்னும் ஒரு பொருளைச் சுரந்து, சிவப்பணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மச்சையைத் தூண்டுகின்றது. இப்பொருளைச் செயற்கையாக உருவாக்கும் வழியை 1980களில் அறிவியலார் கண்டனர். சிறுநீரகம் பழுதுபட்டு, இரத்தச் சோகையால் வாடுவோருக்கு அது பேருதவி. நம் பங்குகளில் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் இவ்வூசியை நன்கு அறிவர். நோயாளியைக் காக்கக் கிடைத்த அந்நன்கொடையையே, நலமுள்ளோர் சிலர் வெற்றிக்காகத் திருட்டுத்தனமாகத் தம் உடலில் ஏற்றிக்கொண்டனர். இரத்தம் தடித்து உறைந்து, இதயத்தையும் மூளையையும் தாக்கும் இடரையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை.

இதனைச் சிறுநீரில் கண்டறியும் முறை 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின்போதுதான் நடைமுறைக்கு வந்தது. 2009 முதல், ஒவ்வொரு வீரரின் இரத்த அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, இயல்புக்கு மாறான ஏற்றத்தாழ்வைக் கண்டறியும் முறையும் தடகளத்தில் கையாளப்படுகின்றது.

ஆனால் சிவப்பணுக்களைப் பெருக்க இயற்கையும் ஒரு வழி வைத்திருக்கிறது. மலைமேல் காற்றின் அடர்த்தி குறைவு. அங்கு வாழ்வோரின் உடல் தானாகவே மிகுதியான சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொள்ளும். கென்யாவின் இட்டென் என்னும் சிற்றூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள புனித பத்ரீசியார் பள்ளிக்கு 1976இல் புவியியல் கற்பிக்க வந்தவர், அயர்லாந்து நாட்டுத் துறவற சகோதரர் கோல்ம் ஓ'கானெல். நம் சென்னை அடையாற்றில் கல்விப் பணியாற்றி வரும் பத்ரீசியன் சகோதரர்களின் சபையைச் சேர்ந்தவர்தான் அவரும். தடகளத்தில் எவ்விதப் பயிற்சிப் பட்டமும் இல்லாத அச்சகோதரர், மாணவரின் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கினார். 1988இல் சியோல் நகரில் 1,500 மீட்டரில் பொன் வென்ற பீட்டர் ரோனோ அப்பள்ளி மாணவர். 2012இல் லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்த டேவிட் ருடிஷா அச்சகோதரரிடம் பயின்றவர்.

அதே கென்யாவில் ஊக்கமருந்துக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றோர் பட்டியலும் நீண்டுகொண்டே போயிற்று. 2016இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, அந்நாடு விதிகளை நிறைவேற்றவில்லை என்று சில மாதங்கள் அறிவித்திருந்தது. 2022இன் இறுதியில் நாடு முழுமைக்குமே தடை வரும் நிலை ஏற்பட்டு, ஐந்து ஆண்டுகளில் 2 கோடியே 50 இலட்சம் டாலர் செலவிட்டு இதனைத் தடுப்போம் என்று அரசு உறுதியளித்த பின்னரே தப்பியது. பெருநகர மராத்தான் ஒன்றின் பரிசுத் தொகை, மலையூர்க் குடும்பமொன்றுக்கு நிலமும் வீடும் பிள்ளைகளின் கல்வியும் ஆகும். சோதனை எத்துணைக் கொடியது என்பதை நாம் உணரவேண்டும்.

ஆக, ஒரே மலையில் கோதுமையும் களையும் சேர்ந்தே வளர்கின்றன. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. இங்குதான் நம் நாவுக்குச் சோதனை தொடங்குகிறது.

குற்றம் சாட்டியவர் மேலேயே குற்றச்சாட்டு

பவுலா ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. இரத்தச் சோதனைகள் வேண்டுமென முன்னின்று முழங்கியவர் அவர். 2001ஆம் ஆண்டு கனடாவின் எட்மன்டன் நகரில் உலகத் தடகளப் போட்டிகள் நடந்தன. இரசிய வீராங்கனை ஓல்கா யெகோரோவாவின் சிறுநீரில் அதற்குச் சில வாரங்களுக்கு முன் மேற்சொன்ன மருந்து காணப்பட்டிருந்தது. ஆனால் உடன் நடந்திருக்க வேண்டிய இரத்தச் சோதனை நடவாமையால், முறைப்படி அது செல்லாது என்று அவர் ஓட அனுமதிக்கப்பட்டார். அவர் ஓடும்போது, இம்மருந்தை உட்கொண்டு ஏமாற்றுவோர் வெளியேறுக என்னும் பொருள்பட எழுதிய அட்டையைப் பார்வையாளர் பகுதியிலிருந்து பவுலா உயர்த்திப் பிடித்தார். யெகோரோவா 5,000 மீட்டரில் பொன்னும் வென்றார். பின்னர் 2008இல், சோதனைக்கு வேறொருவரின் சிறுநீரைக் கொடுத்தார் என்னும் குற்றத்தில் அவர் சிக்கினார்.

2003 ஏப்ரலில் பவுலா லண்டன் மராத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் ஓடி, 16 ஆண்டுகள் நிலைத்த சாதனையைப் படைத்தார். 2015இல் காற்று திசைமாறிற்று. 2001 முதல் 2012 வரை எடுக்கப்பெற்ற 12,000 இரத்தச் சோதனைகளின் விவரம் ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றின் கைக்கும் செருமானியத் தொலைக்காட்சியின் கைக்கும் வந்தது. பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் விசாரணையில், பெயர் சொல்லாமலேயே லண்டன் மராத்தான் வெற்றியாளர்களைப் பற்றிய குறிப்பு எழ, உலகின் விரல் அவரை நோக்கி நீண்டது. வேறு வழியின்றித் தாமே முன்வந்து, சுட்டப்படுவது தாம்தான் என்றும், தாம் குற்றமற்றவர் என்றும் அறிக்கை விடுத்தார். அவரது இரத்தத்தில் மூன்று அளவுகள் உயர்ந்திருந்தது உண்மை. ஆனால் அவற்றுள் ஒன்று, 2003இல் போர்ச்சுகலின் விலமோரா நகரில் வெயிலில் ஓடி முடித்த உடனேயே, உடலில் நீர் வற்றிய நிலையில் எடுக்கப்பட்டது. மலையில் பயிற்சி பெற்றதும் கணக்கில் கொள்ளப்படவில்லை. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, 2015 நவம்பரில் உலகத் தடகள அமைப்பு குற்றச்சாட்டு அடிப்படையற்றது எனக் கூறிற்று. பிரித்தானிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் அவ்வாறே முடிவு செய்தது.

நம்மிடம் ஓர் எண் இருக்கிறது, அவ்வெண் உயர்ந்திருக்கிறது, ஆதலால் குற்றவாளி! இவ்வளவு எளிதாக ஒருவரின் வாழ்நாள் உழைப்பைக் குலைத்துவிடலாம். அவ்வெண் எங்கே, எப்போது, எந்நிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்பதற்கு மட்டும் பொறுமை வேண்டும்.

ஒருவர் செய்த பிழை, மற்றவர்மேல் நிழல்

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில், பின்லாந்துக் காவலர் லாசெ விரென் 10,000 மீட்டர் ஓட்டத்தின் பாதி வழியில் தடுமாறி விழுந்தார்; எழுந்தார்; மீண்டும் ஓடினார்; உலகச் சாதனையுடன் வென்றார். 5,000 மீட்டரிலும் பொன் அவருக்கே. நான்கு ஆண்டுகள் கழித்து மான்ட்ரியல் நகரில் அவ்விரண்டையும் மறுபடியும் வென்றார். தம் இரத்தத்தையே முன்கூட்டி எடுத்துவைத்துப் போட்டிக்கு முன் திரும்ப ஏற்றிக்கொண்டார் என்று அவர்மீது பேச்சு எழுந்தது. அக்காலத்தில் அது விதியால் தடுக்கப்படவும் இல்லை. ஆயினும் அவர் அதனை எப்போதும் மறுத்தே வந்தார். எவரும் மெய்ப்பிக்கவும் இல்லை.

அப்பேச்சு ஏன் ஓயவில்லை? 1980இல் மாஸ்கோவில் இரண்டு பதக்கம் வென்ற மற்றொரு பின்லாந்து வீரர் கார்லோ மானின்கா, அவ்வாறு இரத்தம் ஏற்றிக்கொண்டதைப் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். 1984இல் லாஸ் ஏஞ்சல்சில் 10,000 மீட்டரில் இரண்டாவதாக வந்த மார்த்தி வைனியோவின் பதக்கம், தடைசெய்த மருந்து கண்டறியப்பட்டதால் பறிக்கப்பட்டது. உடன்நாட்டார் இருவரின் பிழை, மூன்றாமவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

2016 ஆகஸ்டு 12ஆம் நாள் ரியோ நகரில், எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா பெண்களுக்கான 10,000 மீட்டரை 29 நிமிடம் 17.45 விநாடிகளில் ஓடினார். சீனாவின் வாங் சுன்சியா 1993இல் படைத்த சாதனை 14 விநாடிகளுக்கு மேல் முறிந்தது. அப்பழைய சாதனையின் மேலேயே பெரும் ஐயம் இருந்தது. வாங்கும் அவருடைய தோழியரும் தம் பயிற்சியாளரால் மருந்து உட்கொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டதாக எழுதியதென்னும் கடிதம் ஒன்று, அதே 2016இன் தொடக்கத்தில் சீனச் செய்தித்தாள்களில் வெளிவந்திருந்தது. ஐயத்திற்குரிய சாதனையை ஒருவர் இவ்வளவு எளிதாகத் தாண்டினால், அவர்மேல் எவ்வளவு ஐயம் எழும்! அன்றே கேட்டுவிட்டனர். அயானாவோ, தம் பயிற்சியே தமக்கு மருந்து என்றும், இயேசுவே தமக்கு மருந்து என்றும் விடை கூறினார்.

இச்சொல் கேட்டுச் சிலர் நகைத்தனர். நாம் என்ன செய்வோம்? இயேசுவின் பெயரைச் சொன்னதால் அவர் தூயவர் என்று முடிவு கட்டுதலும் தவறு. திருப்பெயரைச் சொல்லி ஏமாற்றியோர் உலகில் உண்டு. அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுதலும் தவறு. எச்சோதனையிலும் அவர் தவறியதாக அறிவிப்பு வந்ததில்லை. குற்றம் செய்தவனால் தான் செய்ததை ஒப்புக்கொள்ள இயலும். குற்றம் செய்யாதவனால், செய்யவில்லை என்பதை எவ்வாறு மெய்ப்பிக்க இயலும்? நூறு சோதனைகளில் தேறினாலும், சோதனையை ஏமாற்றக் கற்றவர் என்றே சொல்லுவர். ஏமாற்றுவோர் நேர்மையாளரிடமிருந்து திருடும் பெரும்பொருள் இதுதான்: பிறர் தம்மை நம்புவார்கள் என்னும் உரிமை.

புனித தோமையார் காட்டும் வழி

அக்குவினா நகர்ப் புனித தோமையார் தம் 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில், தீர்ப்பிடுதலைப் பற்றிய பகுதியில் இந்த ஐயத்தையே எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். ஐயம் மூன்று ஊற்றுகளிலிருந்து பிறக்குமாம். தான் தீயவனாயிருப்பவன் மற்றவரையும் தன்னைப்போல் எண்ணுவது ஒன்று. பகையும் பொறாமையும் கொண்டவன், தான் வெறுப்பவரிடம் சிறு அறிகுறி கண்டதும் தீயதை நம்புவது மற்றொன்று. நீண்ட கால அனுபவத்தால் பிறப்பது மூன்றாவது. முதியோர் மிகுதியாக ஐயுறுவது இதனால்தான் என்கிறார். நெடுநாள் விளையாட்டைக் கண்டவர் ஐயுறுவது பெரும்பாலும் இம்மூன்றாம் வகை. ஆகவே அவரை உடனே பழிக்க வேண்டாம். ஆனால் முதலிரண்டு ஊற்றுகளின் கலங்கல் நீரும் அதில் கலந்துள்ளதா என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைத் துழாவிப் பார்க்க வேண்டும்.

ஐயத்தின் படிகளையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். சிறு காரணத்தால் ஒருவரின் நன்மையைப் பற்றி உள்ளம் தயங்கத் தொடங்குவது மனித வலுவின்மை, அற்பப் பாவம். அச்சிறு காரணத்தைக்கொண்டே அவர் தீயவர் என்று உள்ளத்தில் உறுதி செய்துகொள்வது, பெரிய காரியத்தில் சாவான பாவமாகும். நீதிபதியே வெறும் ஐயத்தால் தண்டிக்க முற்பட்டால் அது நேரடி அநீதி. ஐயத்திற்கிடமானவற்றை நல்லவிதமாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. அவ்வாறு கொண்டால் தீயவரையும் நல்லவரென எண்ணிப் பலமுறை ஏமாந்துவிடுவோமே என்னும் தடைக்கும் விடை தருகிறார்: தீயவர் ஒருவரை நல்லவரென எண்ணிப் பலமுறை தவறுதல், நல்லவர் ஒருவரைத் தீயவரென எண்ணி எப்போதாவது தவறுதலைவிட மேல், ஏனெனில் பின்னதில் ஒருவருக்கு அநீதி இழைக்கப்படுகிறது, முன்னதில் இல்லை.

ஆனால் அப்புனிதர் உலகறியாதவர் அல்லர். நோய்க்கு மருந்து தேடும்போது மட்டும் கெட்டது நேரக்கூடும் என்று முன்கூட்டியே கொள்வது தக்கது என்றும் அதே இடத்தில் கூறுகிறார். இதுவே நம் வினாவுக்கு விடை. சோதனை செய்யும் அலுவலர், எல்லாரும் ஏமாற்றக்கூடும் என்று கொண்டு எல்லாரையும் சமமாகச் சோதிக்கட்டும். முன்னணி வீரர் ஒவ்வொருவரும், நாள்தோறும் ஒரு மணி நேரம் தாம் எங்கே இருப்போம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறை அவ்விடத்தில் காணப்படாவிட்டால் அதுவே குற்றம். விடியற்காலையில் கதவைத் தட்டினாலும், ஓர் அலுவலர் கண்முன்னே சிறுநீர் கொடுக்க வேண்டும். தூயவரும் இந்நாணத்தைத் தாங்குகின்றனர். சோதனை எவரையும் பழிப்பதன்று. தூயவருக்கு அதுவே அரண். தானியேல் ஆகமத்தில் சூசன்னாவைக் காத்தது எது? ஊரார் முதியோர் இருவர் சொல்லை நம்பித் தீர்ப்பிட்டுவிட்டனர். தானியேலோ அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எம்மரத்தின் கீழ் என்று விசாரித்தார். விசாரணை வந்தது, மாசற்றவள் பிழைத்தாள்.

அலுவலரின் கை ஐயுறலாம். நம் நா ஐயுறலாகாது. இப்போது சிக்காகோவுக்குத் திரும்புவோம். 2025இல் தண்டனை வந்ததால், 2024இல் சான்றின்றித் தீர்ப்பிட்டோர் நேர்மையாளர் ஆகிவிடுவரோ? இல்லை. செய்தியாளர் கேள்வி கேட்டது அவர் கடமையாகலாம். ஆனால் அவள் நாட்டைக் கண்டு, தோலின் நிறத்தைக் கண்டு, ஒரு பெண்ணால் இவ்வளவு இயலாது என்று எண்ணி, ஐயத்தையே தீர்ப்பாக்கியவர், அன்று தம் கையில் சான்று ஏதுமின்றியே அதைச் செய்தார். குருட்டாம்போக்கில் எறிந்த கல் திருடன்மேல் பட்டால், எறிந்தவன் காவலன் ஆகிவிடமாட்டான். அதே கல் பவுலாமேல் பட்டபோது அவன் என்ன சொன்னான்?

திரும்பிவராத ஒன்று

ஏமாற்றியவர் பக்கமும் கடமை உண்டு. 2014 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தானில் கென்யாவின் ரீட்டா ஜெப்டூ முதலாவதாகவும், எத்தியோப்பியாவின் புசுனேஷ் டேபா 2 மணி 19 நிமிடம் 59 விநாடிகளில் இரண்டாவதாகவும் வந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் எடுத்த மாதிரியில் ஜெப்டூவின் குற்றம் வெளிப்பட்டது. 2016இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவரது தண்டனையைக் கூட்டி, பாஸ்டன் வெற்றியையும் நீக்கிற்று. டேபா வாகையர் எனப் பதிவாயிற்று. ஆனால் முதற்பரிசுத் தொகை பல ஆண்டுகளாகியும் அவருக்கு வந்து சேரவில்லை. ஏமாற்றியவரிடமிருந்து தொகை திரும்பாமல் கொடுக்க இயலாது என்றனர் அமைப்பாளர். 2024இல் இச்செய்தியைப் படித்த அமெரிக்க வணிகர் ஒருவர், முன்பின் அறியாத அப்பெண்ணுக்குத் தம் பணத்திலிருந்து 75,000 டாலர் அனுப்பிவைத்தார். எரிக்கோ வழியில் கிடந்தவனைக் கண்ட சமாரியன் நினைவுக்கு வருகிறான் அன்றோ!

ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவத்தை வெறும் மனத்தாபம் மட்டும் தீர்க்காது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற மறைக்கல்வி. பணத்தைத் திருப்பலாம், பதக்கத்தைத் திருப்பலாம். ஆனால் எல்லைக்கோட்டில் முதலாவதாக வரும்போது மக்கள் ஆர்ப்பரிக்கும் அந்த ஒரு நிமிடத்தை எவ்வாறு திருப்புவது? அதுபோலவே, எட்டாம் கட்டளைக்கு எதிராக ஒருவரின் நற்பெயரைத் திருடியவனும் அதனைத் திருப்ப வேண்டியவனே. நாவால் சிதறியதைப் பொறுக்கிச் சேர்ப்பது அதைவிடக் கடினம்.

நம் இல்லங்களில்

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று எண்ணற்க. 2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டிகளுக்கு ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலர்கள் வந்ததும், போட்டியாளர் பலர் காணாமற் போயினர். ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் ஓடினார். இளையோர் தடைதாண்டும் ஓட்டத்தில் ஒரு பெண், எல்லைக்கோட்டைக் கடந்த பின்னும் நில்லாது ஓட, அலுவலர் பின்தொடர வேண்டியதாயிற்று என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒலிம்பிக் அன்று, மாநிலப் போட்டி! ஒரு சான்றிதழ், ஒரு வேலை, ஒரு கல்லூரி இடம், இவற்றுக்காக நம் நாட்டுப் பிள்ளைகள் அஞ்சி ஓடினர்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ ஓட்டத்தில் ஆர்வம் கொண்டிருந்தால் இறைவனுக்கு நன்றி கூறுங்கள். பயிற்சியாளர் கொடுக்கும் பொடியும் மாத்திரையும் ஊசியும் என்னவென்று கேட்டறியுங்கள். மருத்துவர் எழுதாத எதையும் பிள்ளையின் உடலில் ஏற்றவிடாதீர்கள். வீட்டிலுள்ள பிறர் மாத்திரையை எடுத்து விழுங்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். அது எவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு வழியாயிற்று என்று மேலே கண்டோம். உடலின் முழுமையையும் விளையாட்டு வெற்றியையும் தெய்வமாக்கி வழிபடுவதைத் திருச்சபையின் மறைக்கல்வி கண்டிக்கிறது. உடல் தூய ஆவியின் ஆலயம். அது ஆய்வுக்கூடம் அன்று. இரண்டாவதாக வந்த பிள்ளையை எப்படி வரவேற்கிறீர்கள் என்பதிலிருந்தே, நேர்மைக்கு உங்கள் இல்லத்தில் என்ன விலை என்பதை அப்பிள்ளை கற்றுக்கொள்ளும்.

அண்டை வீட்டுப் பிள்ளை மாவட்டத்தில் முதலாவதாக வந்தால், "அதெப்படி?" என்று இழுத்துப் பேசுவதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள். அவ்வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கு எரிந்ததை நீங்கள் பார்த்ததுண்டா? புதுவீடு கட்டியவன், பதவி உயர்வு பெற்றவள், தேர்வில் மிகுந்த மதிப்பெண் வாங்கியவன் என நாம் சான்றின்றி எத்துணைப் பேருக்குத் தீர்ப்பெழுதுகிறோம்! உண்மையாகவே குற்றம் நடந்ததென அறிந்தால், அதை விசாரிக்கும் உரிமையுள்ளவரிடம் துணிவுடன் சொல்லுங்கள், தெருவிடம் சொல்லாதீர்கள். இரவுச் செபத்தில் ஆன்ம சோதனை செய்யும்போது, இன்று யாரைப் பற்றித் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசினேன் என்னும் வினாவைக் குடும்பத்தினர் யாவரும் சேர்த்துக்கொள்ளலாம்.

களையைப் பிடுங்கத் துடித்த ஊழியரை வீட்டுத்தலைவர் தடுத்தார், கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படுமே என்று. அறுவடைக் காலத்தை அறிந்தவர் அவர். விரென் எவ்வாறு ஓடினார், அயானா எவ்வாறு ஓடினார், நாம் எவ்வாறு ஓடுகிறோம் என்பதெல்லாம் அவர் திருமுன் திறந்த ஏடு. தம் ஓட்டத்தை முடித்துவிட்டதாக இறுதிநாளில் மனநிறைவோடு எழுதிய புனித சின்னப்பர், தமக்குரிய முடியை நீதியுள்ள அந்நடுவரின் கையில் விட்டுவைத்தார். நாமும் அவ்வாறே நேர்மையாய் ஓடவும், உடன் ஓடுவோரைப் பற்றி நேர்மையாய்ப் பேசவும் அவர் அருள் துணைசெய்வதாக.